சாரத்தில் ஏறிய மாணவனுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: கடலூர் புதுப்பாளையத்தில் கட்டட கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். நான் பி.இ. சிவில். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர்கள் என்று 14 பேர் வேலை பார்க்கிறார்கள். 2025 செப்டம்பரில், புதுச்சேரியில் உள்ள கிருமாம்பாக்கம் சைட்டில், பயிற்சிக்கு வந்திருந்த டிப்ளமோ மாணவன் முதல் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து கணுக்கால் உடைந்துவிட்டது. பண்ருட்டிப் பையன், 20 வயது. பெட்ரோல் செலவுக்கென்று மாதம் 5,000 ரூபாய் ஜிபேயில் போட்டு வந்தேன். அன்று சைட் இன்ஜினியர் லீவு. 'கம்பியை நீயே செக் பண்ணிட்டு காங்கிரீட் போடச் சொல்லிடு தம்பி' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். ஆஸ்பத்திரி செலவு 38,000 ரூபாயை அவன் அப்பா கேட்கிறார். 'விபத்து நடந்தால் கம்பெனி பொறுப்பல்ல' என்று அவரே கையெழுத்துப் போட்ட கடிதம் என்னிடம் இருக்கிறது. வரும் ஜூனில் இன்னும் மூன்று பேர் வருகிறார்கள். சாண்ட்விச் டிப்ளமோ (படிப்பின் நடுவே தொழிற்பயிற்சியும் சேர்ந்தது) படிப்பவர்கள் இருவர், அதில் ஒருவர் பெண். மற்றவர் பி.ஆர்க். பாதியில் போய்விடாமல் இருக்க ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைக்கலாமா?

பதில்: முதலில் பண்ருட்டிக்குப் போய் அந்தப் பையனைப் பாருங்கள். 38,000 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். இதை மனிதாபிமானத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அது நீங்கள் கொடுக்க வேண்டிய பணம்.

'மாணவன்தானே, தொழிலாளி இல்லையே' என்று உங்கள் மனதில் ஓடுவது தெரிகிறது. சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை, அவன் செய்த வேலையைப் பார்க்கிறது. கல்லூரிக் கடிதத்தில் 'பயிற்சி' என்று இருக்கலாம். ஆனால் சைட் இன்ஜினியர் செய்ய வேண்டியதை அவனைச் செய்யச் சொன்னது உங்கள் வாட்ஸ்அப். மாதாமாதம் பணமும் போயிருக்கிறது. இந்த இரண்டையும் இழப்பீட்டு ஆணையர் முன்னால் வைத்தால், அவனை உங்கள் பணியாளர் என்று சொல்ல அவருக்கு வேறு எதுவும் தேவைப்படாது. அந்தச் செய்தியை அழித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவன் போனிலும் அது இருக்கிறது.

விபத்து நடந்தது 2025 செப்டம்பர். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தது அந்த ஆண்டு நவம்பர் 21-இல். ஆகவே உங்களுக்குப் பழைய 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம்தான். அதன்படி மருத்துவச் செலவு முழுவதையும் முதலாளி திருப்பித் தர வேண்டும். நடமாட முடியாமல் இருந்த காலத்துக்கு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டை, பதினைந்து நாளைக்கு ஒரு முறை தர வேண்டும். கால் முழுதாகச் சரியாகாவிட்டால் நிரந்தர ஊனத்துக்கான கணக்கு தனி. நீங்கள் தவறு செய்தீர்களா என்ற கேள்வியே இதில் எழாது. வேலையின்போது அடிபட்டது என்றால் போதும். 'பெல்ட் போடாமல் ஏறினான்' என்று சொல்வதற்கும், பெல்ட் சைட்டில் இருந்திருக்க வேண்டும், போடச் சொல்லித் தெளிவாக உத்தரவிட்டிருக்க வேண்டும், அவன் வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும். உங்கள் சைட்டில் பெல்ட் இருந்ததா?

அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம் செல்லாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தத்தையும் அந்தச் சட்டமே ரத்தாக்குகிறது. மனுப் போட அவர்களுக்கு விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விபத்து புதுச்சேரியில் நடந்திருந்தாலும், பையன் குடியிருக்கும் இடத்தை வைத்துத் தமிழ்நாட்டு ஆணையரிடமே மனுப் போடலாம். அவர்களைப் புதுச்சேரிக்கு அலையவிட்டுச் சோர்வடையச் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பேசி ஒரு தொகைக்கு வந்தால், அதை ஒப்பந்தக் குறிப்பாக எழுதி ஆணையரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி வாங்குவதோடு நிற்க வேண்டாம்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், மனது கேட்கவில்லை. அன்று அவன் இறந்திருந்தால், 20 வயதுக்கு அந்தச் சட்டம் தரும் பெருக்கு எண் (காரணி) 224. அந்தச் சட்டத்தில் கணக்குக்கு எடுக்கும் சம்பள உச்சவரம்பு 15,000. அதில் பாதி 7,500. அதை 224-ஆல் பெருக்கினால் 16,80,000 ரூபாய் வரை போகும். சாரத்துக்குக் குறுக்கே இரண்டு கைப்பிடிக் குழாய் அடிக்க என்ன செலவாகும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, ஜூனில் வரும் மூவர். டிப்ளமோ மாணவர்கள் இருவரையும் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி எடுங்கள். 30 பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களுக்குத்தான் இது கட்டாயம், ஆனால் உங்களைப் போல 4 முதல் 29 பேர் வைத்திருப்பவர்கள் விருப்பப்பட்டால் எடுக்கலாம். அரசின் பழகுநர் பயிற்சிப் போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாக வேண்டும். சைட் எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரியில் இருந்தாலும் இந்தப் பக்கம் இருந்தாலும், டிப்ளமோக்காரர்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியம்தான். 2019-இல் திருத்திய விதிப்படி டிப்ளமோ கல்லூரி சாண்ட்விச் மாணவருக்குக் குறைந்தது மாதம் 7,000 ரூபாய் உதவித்தொகை. ஒப்பந்தம் போடும் நாளில் போர்ட்டல் இதைவிடக் கூடுதலாகக் காட்டினால் அதுதான் கணக்கு. இரவு 10 மணிக்கு மேல் பயிற்சி கூடாது, முன் அனுமதி இல்லாமல். ரெடிமிக்ஸ் வண்டி ராத்திரி பதினொன்றுக்கு வருகிறது என்றால் இவர்களை நிறுத்தி வைக்காதீர்கள்.

இந்தப் பதிவு இருந்தால்தான் அவர்கள் சட்டப்படி 'பழகுநர்'. இல்லாவிட்டால் வேலை செய்யும் சைட் கடலூரா புதுச்சேரியா என்று பார்த்து, அங்கங்கே உள்ள குறைந்தபட்சக் கூலியைக் கேட்க அவர்களுக்கு வழி திறந்துவிடும். பழகுநராகவே இருந்தாலும் விபத்து இழப்பீடு உங்கள் தலையில்தான், தொழிற்பழகுநர் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆகவே இன்சூரன்ஸ் பாலிசியில் இருவர் பெயரையும் வேலை தொடங்கும் முன்பே சேர்த்துவிடுங்கள்.

பி.ஆர்க் மாணவர் விஷயம் வேறு. அவருடைய நடைமுறைப் பயிற்சி, கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டின் கீழ் நடக்க வேண்டும். நீங்கள் பி.இ. சிவில். உங்களிடம் ஆறு மாதம் இருந்துவிட்டு, கல்லூரி அதை ஏற்கவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பருவம் போய்விடும். உங்களுக்கு வரைபடம் போட்டுத்தரும் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் சேர்த்து, சைட் பார்க்க மட்டும் உங்களிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

பெண் மாணவி வருகிறார் என்பதால் இன்னொன்று. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சி பெறுபவரையும் பணியாளராகவே எண்ணுகிறது. 10 பேர் இருந்தாலே உள் விசாரணைக் குழு அமைக்க வேண்டும், உங்களிடம் 14 பேர். அப்புறம், சைட்டில் உள்ளே தாழிட்டுக்கொள்ளக்கூடிய கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் கேட்டுப் போகும் நிலைமையில் ஒரு பெண்ணைக் காலையிலிருந்து மாலை வரை நிற்க வைக்கக் கூடாது.

மார்க் ஷீட்டை வாங்கி வைக்காதீர்கள். அது அவர்களுடைய சொத்து, பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. பாதியில் போனால் என்ன செய்வது என்பது பழகுநர் ஒப்பந்தத்திலேயே வந்துவிடும். நகல் ஒன்று வாங்கிக்கொண்டு, ஒரிஜினலை அன்றே கையில் கொடுத்து அனுப்புங்கள்.