பன்றி இறைச்சியை பழம் போட்டு ரோஸ்ட் பண்ணா கறி வறண்டு போகுது, பழம் கூழாயிடுது, என்ன பண்ணலாம்?

ரெண்டையும் ஒண்ணா ஓவனுக்குள்ள தள்ளுறதுதான் பிரச்சனை, கறிக்கு ஒன்றரை மணி நேரம் வேணும்னா ஆப்பிளுக்கு அரை மணி நேரமே போதும்.

எலும்பில்லாத முதுகுப்பகுதி ஒன்றரை கிலோ, மேல கொழுப்பு இருக்கிற துண்டா வாங்குங்க, அந்தக் கொழுப்பை மட்டும் தயவுசெஞ்சு வெட்டி எறியாதீங்க, அதுதான் உருகி கறியை காப்பாத்தும். முந்தின நாள் ராத்திரியே உப்பு, மிளகுத்தூள், நசுக்கின பூண்டு தடவி ஃபிரிட்ஜ்ல வெச்சிடுங்க. மறுநாள் சூடான சட்டில எல்லாப் பக்கமும் பொன்னிறமா சிவக்க விட்டு, 180 டிகிரி செல்சியஸ்ல ஓவன்ல வைங்க. கடைசி 30 நிமிஷம் இருக்கும்போது புளிப்பான ஆப்பிளை தோலோட பெரிய துண்டா நறுக்கி, வெங்காயத்தோட சுத்திப் போடுங்க. கறில இருந்து இறங்கின கொழுப்புல பழத்தோட ஓரம் லேசா கருகி வரும் பாருங்க, அந்த வாசனைக்கே பசங்க கிச்சனுக்கு வந்துடுவாங்க.

நேரத்தை நம்பாதீங்க, தெர்மாமீட்டரை நடுவுல குத்தி 63 டிகிரி வந்ததும் எடுத்துடுங்க, உள்ள லேசா ரோஸ் கலர் இருந்தாலும் பயப்பட வேண்டாம். வெட்டாம ஒரு பத்து நிமிஷம் விடணும், இல்லன்னா சாறெல்லாம் பலகைலயே ஓடிடும்.

அன்னாசி போடுறதா இருந்தா பச்சையா ராத்திரி முழுக்க ஊற வைக்காதீங்க, அதுல இருக்கிற புரோமெலைன்ங்கிற, புரதத்தை உடைக்கிற நொதி கறியை மாவு மாதிரி ஆக்கிடும். டின்ல வர்றது ஏற்கனவே சூடு பண்ணினது, அதுல அந்தத் தொல்லை இல்ல.