210, 340 என்று மாறி மாறி வருகிறதே, என் எதிர்வினை நேரம் எது?

திரை பச்சையானதும் தட்டும் சோதனையில் ஒரு முறை 210 மில்லி வினாடியும் அடுத்த முறை 340-ம் வருகிறது, எது சரி, உளவியல் ஆய்வில் எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் சரிதான். ஆனால் ஒரே ஒரு தட்டலை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதுகலை உளவியல் படித்தபோது நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். வட்டம் தோன்றியதும் ஸ்பேஸ் பாரை அழுத்த வேண்டும். நான் எழுதிய நிரலில் 'தயார்' என்று வந்து சரியாக 2 வினாடி கழித்து வட்டம் வரும். கூடப் படித்த தோழிக்குப் பதினைந்து முறை ஆனதும் எண்கள் மளமளவென்று இறங்கின: 190, 140, 60. பக்கத்தில் நின்று பார்த்தேன். வட்டம் வருமுன்பே அவள் கட்டைவிரல் கீழே போய்க்கொண்டிருந்தது. மனசுக்குள் தாளம் பிடித்துவிட்டாள்! அன்றைய தரவு முழுவதையும் அழித்தேன். காத்திருக்கும் நேரத்தை 1 முதல் 3 வினாடிக்குள் முறையில்லாமல் மாற்றியதும் மறுபடி 230, 260 என்று வந்தது. ஓட்டப்பந்தயத்திலும் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 100 மில்லி வினாடிக்குள் கிளம்பினால் முந்திவிட்டார் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் கருவியின் பங்கு. 60 ஹெர்ட்ஸ் திரை படத்தை மாற்றவே 16.7 மில்லி வினாடிக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. கீபோர்டு, தொடுதிரை எல்லாம் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். அதனால் உங்கள் போனில் வந்த 210-ஐ நண்பர் போனில் வந்த 230-உடன் ஒப்பிடாதீர்கள்.

இதற்கு வழி சொன்னவர் நெதர்லாந்தின் உடலியல் அறிஞர் டோண்டர்ஸ். 1868-ல் வெளியான அவருடைய ஆய்வில், ஒரு காலில் லேசான மின் அதிர்வு கொடுப்பார்கள். அதே பக்கத்துக் கையை அசைக்க வேண்டும். எந்தக் கால் என்று முன்பே தெரிந்தால் ஒரு நேரம், தெரியாவிட்டால் வினாடியில் 15-ல் ஒரு பங்கு கூடுதல், அதாவது சுமார் 67 மில்லி வினாடி. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் கருவியின் தாமதமும் நரம்பில் செய்தி போகும் நேரமும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது, இடதா வலதா என்று மனம் முடிவெடுத்த நேரம். ஒரு எண்ணத்தின் நீளத்தைக் கடிகாரத்தால் அளந்திருக்கிறார்! முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. இன்றும் ஆய்வுகளில் தனி எண்ணைவிட இப்படி இரு நிலைகளுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான் பெரிதும் நம்புகிறோம்.

நீங்கள் செய்து பார்ப்பதானால் ஐம்பது முறையாவது தட்டுங்கள். முதல் ஐந்தாறையும் 100-க்குக் கீழே வந்தவற்றையும் விட்டுவிடுங்கள். மீதியை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம், கவனம் சிதறி வந்த ஒரு 900 அதை இழுத்துவிடும்.

திரையே வேண்டாமென்றால் 30 செ.மீ. ஸ்கேல் போதும். ஒருவர் மேல்முனையைப் பிடித்துச் சொல்லாமல் விட, கீழ்முனையில் 0 இருக்கும் இடத்தில் விரல்களை விரித்துக் காத்திருந்து பிடியுங்கள். 20 செ.மீ. நழுவியிருந்தால் ஏறத்தாழ 0.2 வினாடி, 15 என்றால் 0.175. விடுபவர் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக் கூடாது.