டெல்லியில் தேய்ந்து போகிறேனா, அக்கா?

கேள்வி: சொந்த ஊர் தென்காசி. டெல்லியில் எம்.ஏ. முதல் வருடம். ஊரில் பட்டிமன்ற மேடை ஏறியவள், இங்கே வகுப்பில் வாயே திறப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிவரை தூக்கம் பிடிப்பதில்லை. வளர வந்தவள் தேய்ந்துகொண்டிருக்கிறேனோ?
- பெயர் வேண்டாம், முனீர்கா

பதில்: தேயவில்லை, கண்ணம்மா. காய்கறிக்காரரிடம் இந்தி, வகுப்பில் ஆங்கிலம், டிசம்பர் குளிர், அறை வாடகை என்று எல்லாவற்றோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டுகிறாய். கடினமான பாடத்தைக் கற்க அளவான மின்னதிர்ச்சி உதவும், அளவு மீறினால் கெடுக்கும் என்று 1908-லேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் சுண்டெலிகளை வைத்து ஆராய்ந்து எழுதினார்கள். பதற்றமும் அப்படித்தான் என்பார்கள்.

எனக்குக் கவலை உன் தூக்கம்தான். படித்தது மனதில் படிவதற்கே தூக்கம் வேண்டும். வீடியோ காலில் "நல்லா இருக்கேம்மா" என்று சிரித்துவிட்டு, அப்புறம் போர்வைக்குள் அழுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நீ அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடு, பாதி பாரம் இறங்கும்.

வகுப்பில் கேட்க நினைக்கும் கேள்வியை முந்தின நாளே எழுதி வைத்துக்கொள். வாரம் ஒன்று கேட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போய் வா, பக்கம்தானே? சாமி கும்பிடாவிட்டாலும் தமிழ் காதில் விழும். தமிழ்ச் சங்கமும் அந்தப் பக்கம்தான்.

இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் தள்ளிப்போடாதே. 14416-ஐக் கூப்பிடு. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி சேவை, இலவசம். தமிழிலேயே பேசலாம்.