ஃபோமில் கையெழுத்து வைத்துவிட்டுக் கடலுக்குள் இறங்கினால் வழக்குப் போட முடியாதா?

கேள்வி: ஐயா, நான் முல்லைத்தீவு. சென்ற வருடம் ஒக்டோபர் கடைசியில், கனடாவிலிருந்து வந்த மச்சானும் (மாமியின் மகன்) நண்பர்களுமாக ஆறு பேர் கிழக்குக் கரைக்குப் போய், கடலடியில் கிடக்கும் பழைய கப்பல் ஒன்றைப் பார்க்க டைவிங் செய்தோம். டைவிங் கூட்டிப்போகும் கடையோடு பேசியது, காசு சேர்த்து அனுப்பியது எல்லாம் நான்தான். ஆளுக்கு 38,000 ரூபாய். முதல்நாள் இரவு நல்ல மழை. காலையில் கடல் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. படகுக்காரர் "இண்டைக்கு விடுங்கோ தம்பியவை" என்றார். வழிகாட்டி "மேலதான் கலங்கல், கீழ போனாத் தெளியும்" என்று இறக்கினார். கப்பல் 32 மீற்றரில். கயிற்றைப் பிடித்து இறங்கினோம்; நீட்டிய கையே தெரியவில்லை. ஒரே ஒரு வழிகாட்டி, அவரும் ரோர்ச்சோடு முன்னால் போய்விட்டார். மச்சான் கப்பலின் ஒரு வாசலுக்குள் போய் வழிதவறி, காற்று முடியும் தறுவாயில் ஒரேயடியாக மேலே வந்தார். பின்னேரம் இடது கால் விறைத்தது. திருகோணமலைக்குக் கொண்டுபோய் அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். இன்னும் கால் இழுக்கிறது. ரொறன்ரோவில் லொறி ஓடும் வேலை போய்விட்டது. காப்புறுதிக்காரர் "உமது சான்றிதழ் 18 மீற்றருக்குத்தான்" என்று கைவிரித்துவிட்டார்கள். கடைக்காரர் "ஃபோமில் சைன் வச்சிருக்கிறீங்கள்" என்கிறார். மச்சானின் அண்ணன் "நீதானே கூட்டிக்கொண்டு போனனி, உன்னிலதான் கேஸ்" என்கிறார். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இன்னொன்று: எங்களில் ஒருவர் கப்பலிலிருந்து ஒரு பித்தளைக் கைபிடியை எடுத்து வந்தார். அது இப்போது என் வீட்டில் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய வட்ஸ்அப் படங்களை இரண்டு தரம் பார்த்தேன். அதில் ஒன்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அது உங்களுக்குப் பிடிக்காது.

முதலில் ஃபோம், அதாவது இறங்குமுன் கடைக்காரர் "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று கையெழுத்து வாங்கிய தாள். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், சின்ன எழுத்து. படகு ஏறும் அவசரத்தில் ஒருவர் முதுகில் ஒருவர் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வாசிக்கவில்லை, ஆங்கிலம் விளங்கவில்லை என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. கையெழுத்து வைத்தவர் தாளில் உள்ளதற்குக் கட்டுப்பட்டவர் என்பதுதான் எங்கள் நாட்டில் உள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின் பொதுவான நிலை. ஆனால் கடைக்காரர் நம்பியிருக்கும் ஐந்தாம் பந்தி, அதாவது வழிகாட்டியின் கவனயீனத்தால் காயமோ மரணமோ வந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல என்ற வாசகம், அவரைக் காப்பாற்றாது. நியாயமற்ற ஒப்பந்த வாசகங்கள் பற்றிய 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தொழில் நடத்துகிற ஒருவர், தன் பக்கத்துக் கவனயீனத்தால் இன்னொருவருக்கு வரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உள்ள பொறுப்பை, எந்தத் தாளில் எதை எழுதி வாங்கினாலும் கழற்றிவிட முடியாது என்கிறது அது. உங்கள் நண்பரின் கமெரா தொலைந்ததற்கு அந்தப் பந்தி கடைக்காரருக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். அது நியாயமானதா என்று பார்க்கவேண்டிவரும். காலுக்கு உதவாது.

அதற்காக ஃபோம் வெறும் குப்பையும் இல்லை. "கடல் ஆபத்தானது, பார்வைத் தெளிவு குறையலாம், தெரிந்துகொண்டுதான் இறங்குகிறேன்" என்று அதிலேயே இருக்கிறது. ஆபத்தைத் தெரிந்து ஏற்றுக்கொண்டவர் பிறகு முறையிட முடியாது என்று எதிர்ப்பக்கச் சட்டத்தரணி நிச்சயம் எழும்புவார். அவருக்கு நான் சொல்லக்கூடிய பதில்: மச்சான் ஏற்றுக்கொண்டது கடலின் கலங்கலை. அந்தக் கலங்கலுக்குள் ஆறு பேரை விட்டுவிட்டு ஒருவர் முன்னால் போவதை அவர் எந்தத் தாளிலும் ஏற்றுக்கொள்ளவில்லை.

வழக்கின் நெஞ்சு இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நான் குளத்தில் நீந்திப் பழகியவன், கடலுக்குள் தலை வைத்தது கிடையாது. இதையெல்லாம் டைவிங் பழக்குகிற ஒருவரிடம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். மச்சானிடம் இருந்த ஆரம்பச் சான்றிதழ் 18 மீற்றருக்கு. அடுத்த நிலைக்கு 30. பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லையே 40. பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அப்படியானால் 32 மீற்றரில் மேலே உள்ளதைப்போல நாலு மடங்குக்கு மேல். மேலே ஒரு மணித்தியாலம் தாங்குகிற சிலிண்டர் அங்கே கால் மணித்தியாலம் தாங்கினால் பெரிது, பயந்து மூச்சிரைத்தால் அதுவும் இல்லை. போதாததற்கு 30 மீற்றரைத் தாண்டும்போது நைதரசன் தலைக்கேறி, வெறிபோட்டவன் மாதிரிப் புத்தி மந்தமாகும். மேலே வரும்போது நிமிடத்துக்கு ஒன்பது பத்து மீற்றருக்கு மேல் போகக்கூடாது, ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரிக்கவேண்டும். ஒரேயடியாக வந்தால் உடம்பில் கரைந்த நைதரசன் குமிழியாகி நரம்பைத் தாக்கும்; மச்சானின் கால் விறைத்தது அந்த நோயால்தான். கப்பலுக்குள் போவதென்றால் அதற்குத் தனிப் பயிற்சி, வாசலில் கட்டி அவிழ்த்துக்கொண்டு போகும் கயிறு, சிலிண்டரில் மூன்றிலொரு பங்கு போக, மூன்றிலொரு பங்கு வர, மிச்சம் ஆபத்துக்கு என்ற கணக்கு. உங்கள் கடிதத்தில் கயிறு என்ற சொல் ஒரே ஒரு தரம்தான் வருகிறது, அது படகிலிருந்து இறங்கிய கயிறு.

கிழக்குக் கடலில் டைவிங் காலம் ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. ஒக்டோபர் கடைசியில், மழைக்கு மறுநாள், ஆற்று வாய்கள் சேற்றைக் கக்கிக்கொண்டிருக்கும்போது, 18 மீற்றர் சான்றிதழ்காரரை 32 மீற்றருக்கு, ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி. நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன படகுக்காரரை நான் முதல் சாட்சியாகக் கூப்பிடுவேன். கடைக்கு வேலை செய்யும் மனிதர், அவர் வாயாலேயே "இண்டைக்கு விடுங்கோ" என்றிருக்கிறார். அவர் இப்போதும் அந்தக் கடைக்குத்தான் படகு ஓடுகிறாரா என்று விசாரித்துவையுங்கள். சோற்றுக்காகச் சிலவேளை மறந்துபோவார். அவரைக் குறைசொல்லவும் மாட்டேன்.

சரி, இனி அந்தப் படம்.

பயணத்துக்கு நாலு நாள் முன்னர் கடைக்காரர் உங்களுக்கு எழுதியிருக்கிறார்: எல்லாரிடமும் 30 மீற்றர் சான்றிதழ் இருக்கிறதா? நீங்கள் சொல்லாகப் பதில் எழுதவில்லை. சரி என்று ஒரு பெருவிரல் படம். மஞ்சள் பெருவிரல். மச்சானிடம் இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா என்று கடிதத்தில் சொல்லவில்லை, ஆனால் கேட்கப்படும். அதற்கு இரண்டு படம் தள்ளி, "ஐஞ்சு பேர் வந்தா உங்களுக்கு ஃப்ரீ" என்று அவர் எழுதியதும் இருக்கிறது. உங்கள் 38,000 ரூபாயை நீங்கள் கட்டவில்லை, அப்படித்தானே?

நண்பர்களுக்காகக் காசு சேர்த்துக் கொடுத்தவர் மேல், அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் பொறுப்பு வராது. கோயிலுக்கு வான் பிடித்துக் கொடுத்தவர் டிரைவரின் பிழைக்கு நட்டஈடு கட்டுவதில்லை. பெருவிரலும் இலவச இடமும் சேரும்போது உங்கள் இடம் கொஞ்சம் மாறுகிறது. கடைக்காரர் என்ன செய்வார் தெரியுமா? "இவர்தான் எனக்குப் பொய்த் தகவல் தந்தவர்" என்று உங்களையும் வழக்குக்குள் இழுப்பார். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஒரு தீங்குக்குப் பலர் காரணமாக இருந்தால் பங்கு பிரிக்கலாம். பாதிக்கப்பட்டவரின் சொந்தப் பிழைக்கும் பங்கு கழிக்கலாம். தன் சான்றிதழின் ஆழத்தைத் தெரிந்தும் இறங்கியவர் மச்சான். அவருடைய நட்டஈட்டில் ஒரு பகுதி வெட்டுப்படும் என்று இப்போதே அவருக்குச் சொல்லிவையுங்கள். எவ்வளவு என்பது நீதிபதியின் கையில். அதே நேரம், சான்றிதழ் அட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பது கடையின் வேலை. பெருவிரலை நம்பி ஆளை 32 மீற்றருக்கு இறக்கினேன் என்று அவர் கூண்டில் ஏறிச் சொன்னால், அது அவருக்குத்தான் கூடுதல் கேடு.

இதனால் இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, அந்தச் செய்திகளில் எதையும் அழிக்காதீர்கள். கடைக்காரரின் போனிலும் அவை இருக்கின்றன. நீங்கள் அழித்தது தெரிந்தால் பெருவிரலைவிட அதுதான் பெரிதாகும். இரண்டு, நீங்களும் மச்சானும் ஒரே சட்டத்தரணியிடம் போகவேண்டாம். சொந்தம்தானே, செலவு மிச்சம் என்று தோன்றும். உங்கள் நலனும் அவருடைய நலனும் ஒரு கட்டத்தில் முட்டுகின்றன. நேர்மையான சட்டத்தரணி அன்றைக்கு இருவரையும் விட்டு விலகவேண்டிவரும், கட்டிய காசும் போகும். உங்களுக்கு வசதி குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரியுங்கள். அண்ணனோடு உள்ள கோபதாபத்துக்கு மத்தியஸ்த சபையில் போய் இருந்து பேசுவது நல்லது. மாமியை வைத்துப் பேசினால் அதைவிட நல்லது.

நேரம். இதில்தான் ஆட்கள் கோட்டைவிடுகிறார்கள். இப்படியான தீங்குக்கு நட்டஈடு கேட்கும் வழக்கை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பதினான்கு போய்விட்டது, பத்து மாதம் இருக்கிறது. கடைக்காரர் "பேசித் தீர்ப்பம், தைப்பொங்கல் முடியட்டும்" என்று இழுத்தால் அந்த நாட்களும் கணக்கில் ஓடும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருடம் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ஃபோமை ஒப்பந்தமாகப் பிடித்துக்கொண்டு கவனயீனத்துக்கு ஆறு வருடம் கேட்பது தேவையில்லாத சூதாட்டம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிட மூன்று மாதம்தான் தவணை. அந்தக் கதவு மூடியாயிற்று. அன்றைக்கே பொலிஸில் என்ட்ரி போட்டிருக்கலாம், போடவில்லை. கவனயீனமான செயலால் கடுங்காயம் விளைவிப்பது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம்தான் என்பதால் இன்னும் முறைப்பாடு கொடுக்கலாம். பதினான்கு மாதம் என்ன செய்தாய் என்று கேட்பார்கள், பதிலோடு போகவேண்டும்.

வழக்கை முல்லைத்தீவில் போட முடியாது. கடை இருக்கிற, சம்பவம் நடந்த இடத்து மாவட்ட நீதிமன்றத்தில்தான். மச்சான் ரொறன்ரோவில் இருப்பதால் அங்குள்ள எங்கள் துணைத் தூதரகத்தில் கையெழுத்து வைத்து, தன் சார்பில் வழக்கைப் பார்க்க உறவினர் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்தால் அலைச்சல் குறையும். அது உங்கள் பெயரில் வேண்டாம், காரணம் மேலே சொல்லிவிட்டேன். வெளிநாட்டில் இருக்கும் வழக்காளியிடம் செலவுக்குப் பிணை கேட்க எதிர்ப்பக்கத்துக்கு வழியுண்டு. கொஞ்சக் காசை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். சிகிச்சைச் செலவு, போன சம்பளம், இனிப் போகப்போகும் சம்பளம், பட்ட வேதனை எல்லாவற்றுக்கும் கேட்கலாம். திருகோணமலை அறிக்கையும் கனடா நரம்பு வைத்தியரின் அறிக்கையும் இல்லாமல் எதுவும் நகராது.

முல்லைத்தீவில் கடலட்டைக்கு இறங்கிக் கால் வழங்காமல் போனவர்களை உங்களுக்குத் தெரியும். ஃபோமும் இல்லை, காப்புறுதியும் இல்லை, முதலாளியின் பெயரைக்கூடச் சொல்லப் பயம். உங்கள் மச்சானுக்கு வந்தது அதே நோய்தான். அவர்களில் ஒருவர் இந்தப் பத்தியை வாசித்தால், அவருக்கும் அந்த இரண்டு வருடக் கணக்கு பொருந்தும்.

பித்தளைக் கைபிடி. ஃபரா-3 சரக்குக் கப்பல் 2006 டிசம்பரில் எங்கள் கரையில் தட்டி நின்று, பிறகு துண்டு துண்டாகக் கரைந்து போனதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, உடைந்த கப்பல் எடுத்தவனுக்குச் சொந்தம் என்ற எண்ணம் இருக்கிறது. அப்படிச் சட்டம் இல்லை. நூறு வருடம் தாண்டிய கப்பற்சிதைவு என்றால் தொல்பொருட் கட்டளைச் சட்டம் வரும், அதிலிருந்து எடுப்பதே குற்றம். போர்க்கப்பல் என்றால் கொடிக்குரிய நாடு இன்னும் உரிமை பேசும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் தாழ்த்திய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் அப்படியான ஒன்று, முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்த இடம். நீங்கள் போனது அது இல்லை, அது 53 மீற்றரில் கிடக்கிறது. உங்கள் கப்பல் எவ்வளவு பழையது என்று உங்களுக்கே தெரியாது. ஆகவே கைபிடியைத் தேய்த்து மினுக்கவேண்டாம், பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்கவேண்டாம், முகநூலில் போடவேண்டாம். எடுத்தவரைக் கூட்டிக்கொண்டு உங்கள் சட்டத்தரணியிடம் போய், அவர் மூலமாகத் தொல்பொருள் திணைக்களத்திடம் எழுத்தோடு ஒப்படையுங்கள். இல்லையென்றால் கடைக்காரர் இதைத்தான் தூக்கிப் பிடிப்பார்: "வழிகாட்டியை விட்டுப் பித்தளை பொறுக்கப் போனவர்கள் ஐயா இவர்கள்."

கடைசியாக, மச்சான் கையில் கட்டியிருந்த டைவ் கொம்பியூட்டர் அவருடைய சொந்தமானது என்று எழுதியிருந்தீர்கள். எந்த ஆழம், எத்தனை நிமிடம், எவ்வளவு வேகத்தில் மேலே வந்தார் என்பது முழுக்க அதற்குள் பதிந்திருக்கும். புதிய டைவ் ஏற ஏறப் பழையது அழிந்துபோகும் வகைகளும் உண்டு. யாருக்காவது இரவல் கொடுத்தாரா, விற்றுவிட்டாரா என்று இன்றிரவே போன் எடுத்துக் கேளுங்கள். கையில் இருந்தால் பற்றரியைக் கழற்றாமல் அலுமாரிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.