குஷன் பூட்ஸ் வாங்கினால் முட்டு வலி போகுமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. தூத்தூர் பக்கம் எங்கள் ஊர். சின்னதிலிருந்தே கடற்கரை மணலில் வெறுங்காலோடு கால்பந்து விளையாடி வளர்ந்தவன். இந்த ஜூனிலிருந்து நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அங்கே கெட்டித் தரையில் தினமும் பயிற்சி. இப்போது இரண்டு முட்டிலும் சிரட்டைக்குக் கீழே வலி, லேசான புடைப்பும் இருக்கிறது. ஹெட் அடிக்க எம்பி இறங்கும்போது அதிகமாக வலிக்கிறதாம். நல்ல குஷன் பூட்ஸ் வாங்கிக் கொடுக்கவா? வர்ம ஆசானிடம் தடவலாமா? விளையாட்டையே நிறுத்த வேண்டுமா?

பதில்: பூட்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அம்மா. மகன் 50 கிலோ, 40 சென்டிமீட்டர் எம்பி இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். காலை விறைத்தபடி இறங்கி, தரையைத் தொட்டபின் 5 சென்டிமீட்டருக்குள் உடம்பு நின்றுவிட்டால், அந்த நொடிக்குள் கால்கள் தாங்கும் சராசரி விசை அவன் எடையைப் போல 9 மடங்கு. அதாவது 450 கிலோ பாரம். அதே உயரத்திலிருந்து முழங்காலும் இடுப்பும் மடங்கி, 20 சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றால் 3 மடங்கு, 150 கிலோதான். ஆளும் அதே ஆள், உயரமும் அதே உயரம். நிற்க எடுத்துக்கொண்ட தூரம் மட்டும் மாறியிருக்கிறது. பூட்ஸின் அடிப்பாகம் ஒரு சென்டிமீட்டர் அமுங்கினாலே பெரிய காரியம். தேய்ந்ததோ அளவு சேராததோ என்றால் மாற்றுங்கள், வலிக்காக விலை கூடியதைத் தேட வேண்டாம்.

மரத்திலிருந்து மாங்காய் பறித்துப் போடும்போது கீழே நிற்பவர் கையைத் தாழ்த்தித்தானே வாங்குவார்? விறைப்பாக நீட்டினால் உள்ளங்கை எரியும். இதுவும் அதுதான்.

மணலில் விளையாடியபோது இந்த வேலையை மணல் செய்தது. பாதம் புதைந்து புதைந்து தூரத்தைக் கொடுத்தது. அதற்கு விலையும் உண்டு: மணலில் ஓட, கெட்டித் தரையைவிடச் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும் என்று 1998இல் வெளிவந்த ஆய்வு அளந்து சொன்னது. எனவே உங்கள் மகன் கால் வலுவில்லாத கால் அல்ல. தரை இளகாத இடத்தில் தானே மடங்கி வாங்க அது இன்னும் பழகவில்லை என்றுதான் நினைக்கிறேன். பயிற்சியும் ஒரேயடியாகக் கூடிவிட்டது.

புடைப்புக்கு வருவோம். நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வயதில், இந்த இடத்தில் வருவது பெரும்பாலும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் எனப்படும் கோளாறு. 1903இல் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்தது. பையன்கள் மளமளவென்று உயரும் காலத்தில் எலும்பு முந்திக்கொள்ள, தொடைத் தசை இறுகிப்போய், முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பில் தசைநாண் ஒட்டியிருக்கும் இளம் குருத்தெலும்பை ஒவ்வொரு குதிப்பிலும் இழுக்கிறது. வளர்ச்சி முடியும்போது வலி அநேகமாக அடங்கிவிடும். நம் மாவட்டத்து வர்ம ஆசான்மார் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனாலும் இழுபட்டு நொந்து கிடக்கும் அந்தப் புடைப்பின் மேல் அழுத்தித் தடவ வேண்டாம். விளையாடி வந்ததும் துணியில் சுற்றிய ஐஸை 10, 15 நிமிடம் வைக்கலாம்.

விளையாட்டை நிறுத்த வேண்டாம், குதிப்பைக் குறையுங்கள். சில வாரம் ஹெட் பயிற்சி வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் நீங்களே பேசுங்கள். பாஸ், பந்தை நிறுத்துவது எல்லாம் தொடரட்டும். மறுநாள் காலையிலும் வலி தங்கியிருந்தால் முந்தின நாள் கூடிவிட்டது என்று அர்த்தம். தொடையின் முன்பக்கத்தைத் தினமும் மெதுவாக நீட்டிவிடவும் சொல்லுங்கள்.

வலி தணிந்ததும் இறங்கப் பழக்க வேண்டும். முழங்கால் மட்டும் மடங்கினால் போதாது. குடத்தை இடுப்போடு ஒட்டி வைத்தால் தூக்கி நடக்கலாம், கையை நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிஷம் தாங்காது இல்லையா? நெஞ்சை நிமிர்த்தி முழங்காலை மட்டும் முன்னே துருத்தினால், உடல் பாரம் மூட்டுக்கு வெகு பின்னால் விழும், தொடைத் தசை அந்த அளவுக்குப் புடைப்பை இழுக்கும். பின்புறத்தைச் சற்றுப் பின்னே தள்ளி, நெஞ்சைக் கொஞ்சம் முன்னே சாய்த்தால் பாரம் மூட்டுக்குப் பக்கம் வரும். இடுப்புத் தசையும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

விடுமுறைக்கு வரும்போது வீட்டு வாசலில் ஒரே ஒரு படியிலிருந்து குதிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 'தொப்'பென்று சத்தம் வந்தால் விறைத்து இறங்குகிறான். முன்பாதம் முதலில் தொட்டு, குதிகால் பின்னால் அமர்ந்து, சத்தம் அடங்க வேண்டும். அப்புறம் எதிரே நின்று செல்போனில் எடுத்துப் பாருங்கள். முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சரியாமல், பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு தடவைக்கு 10 குதிப்பு போதும், வாரம் மூன்று நாள்.

மூட்டு முழுக்க வீங்கினாலோ, மடக்க முடியாமல் மாட்டிக்கொண்டாலோ, ராத்திரி வலியில் விழித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நொண்டினாலோ காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இடுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் இடுப்பு மூட்டின் கோளாறு சில நேரம் முழங்கால் வலியாகத்தான் வெளியே தெரியும்.