கோப்பையா, காசா? விட்டுக்கொடுத்த சம்பளம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள்

கேள்வி இதுதான்: பெரிய நட்சத்திர வீரர்கள் ஒப்பந்தம் போடும்போது ஜெயிக்கிற அணியைப் பார்க்க வேண்டுமா, கூடுதல் பணம் தருகிற அணியைப் பார்க்க வேண்டுமா?

என்னைக் கேட்டால், பணத்தை. சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்கு பார்க்கிறவன். "அணிக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்" என்று யாரைப் பற்றியாவது செய்தி வந்தால் எனக்கு உடனே கைதட்ட வராது. குறைத்த தொகை எங்கே போய் உட்கார்ந்தது என்றுதான் புத்தி போகும். தொழில் அப்படி.

எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக்கடையில் ஐபிஎல் சமயத்தில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். "தல நாலு கோடிக்கு ஆடுறாரு, மத்தவன்லாம் காசு காசுன்னு அலையுறான்" என்பார் ஒரு அண்ணன். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். 2022-இல் தோனியை 12 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்த சென்னை, 2025-க்கு 4 கோடிக்குத் தக்கவைத்தது. ஐந்து ஆண்டுகளாக அனைத்துலகப் போட்டி ஆடாத இந்திய வீரரை, இந்தியாவுக்கே ஆடாதவர் கணக்கில் சேர்க்கலாம் என்ற விதி அந்த முறை திரும்ப வந்ததால் இது நடந்தது. அந்த முறை ஒவ்வோர் அணிக்கும் செலவு வரம்பு 120 கோடி. ஆகவே மிச்சமான பணம் உண்மையிலேயே அணியின் ஏலப் பையில்தான் இருந்தது. அதே ஏலத்தில் நூர் அகமதுவை 10 கோடிக்கும் அஸ்வினை 9.75 கோடிக்கும் வாங்கினார்கள். அப்புறம் என்ன ஆனது? பத்து அணிகளில் பத்தாவது இடம். சென்னை கடைசி இடத்தில் முடித்தது அதுதான் முதல் தடவை.

அதே ஆண்டு கோலியைப் பாருங்கள். 2022-இல் அவர் சம்பளம் 17 கோடியிலிருந்து 15 கோடிக்கு இறங்கியது. அந்த மூன்று பருவங்களிலும் பெங்களூருக்குக் கோப்பை இல்லை. 2025-க்கு 21 கோடி கொடுத்துத் தக்கவைத்தார்கள். அந்த ஆண்டுதான் 18-ஆவது பருவத்தில் முதல் கோப்பையைத் தூக்கினார்கள். சம்பளத்தைக் கூட்டினால் கோப்பை வரும் என்று இதை வைத்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் குறைத்தால் வரும் என்றும் சொல்ல முடியாதல்லவா? அண்ணனிடம் இதைச் சொன்னால் கோப்பியைக் கலக்கிக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்.

விஷயம் இன்னும் தெளிவாகத் தெரிவது அமெரிக்கக் கூடைப்பந்தில். என்பிஏ அணிகளுக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. ஆனால் அது இறுக்கமானது இல்லை. சொந்த வீரர்களைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம், அதற்கும் மேலே இருக்கிற இன்னொரு அளவையும் தாண்டுகிற முதலாளி ஆடம்பர வரி கட்ட வேண்டும். ஆக, ஒரு நட்சத்திரம் பத்து ரூபாய் விட்டுக்கொடுத்தால் அது இன்னொரு வீரருக்கும் போகலாம், முதலாளியின் வரிச்சுமையைக் குறைக்கவும் போகலாம். வெளியிலிருந்து பார்க்கிற ரசிகனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கெவின் டுரான்ட் கதை இதற்குப் பாடப்புத்தகம். 2016-இல் கோல்டன் ஸ்டேட் அணிக்குப் போனார், 2017-இல் கோப்பை ஜெயித்தார். அந்தக் கோடையில் அவர் ஏறக்குறைய 34.5 மில்லியன் டாலர் ஆண்டுச் சம்பளம் கேட்டிருக்கலாம். 25 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார். உலகமே பாராட்டியது, சக வீரர்கள் இகுடாலாவையும் லிவிங்ஸ்டனையும் அணியில் வைத்திருக்கத்தான் இந்தத் தியாகம் என்றார்கள். கணக்கைப் பிரித்துப் பாருங்கள். முந்தைய ஆண்டுச் சம்பளமான 26.5 மில்லியனுக்கு மேல் 20 சதவீதம் கூட்டி, சுமார் 31.8 மில்லியன் வரை அவர் வாங்கியிருந்தாலும் அந்த இரண்டு பேரையும் தக்கவைத்திருக்க விதியில் இடம் இருந்தது. அதாவது தோழர்களுக்காக விட வேண்டியது மூன்று மில்லியனுக்கும் குறைவு. மீதி ஆறேழு மில்லியன் முதலாளிகளின் செலவைக் குறைத்தது. ஆடம்பர வரி மடங்கு மடங்காக ஏறுகிற ஒன்று என்பதால் அவர்களுக்கு மிச்சமானது அதைவிடப் பெரிய தொகை. 2018-இல் மறுபடி கோப்பை வந்தது, உண்மைதான். 31.8 வாங்கியிருந்தாலும் அதே ஆட்கள்தான் ஆடியிருப்பார்கள், முதலாளிகள் வரியைக் கட்டத் தயாராக இருந்திருந்தால்.

நல்ல உதாரணமும் இருக்கிறது, மறைக்கவில்லை. சான் அன்டோனியோ அணியின் டிம் டங்கன் 2012-இல் 21 மில்லியனுக்கு மேல் இருந்த சம்பளத்தை 10 மில்லியனுக்கும் கீழே இறக்கிக்கொண்டார். சான் அன்டோனியோ 2013-இல் இறுதிச் சுற்றில் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது, 2014-இல் ஜெயித்தது. எல்லாரும் இந்த ஒரு கதையைத்தான் சொல்வார்கள். அதே 2014-இல் டாலஸின் டர்க் நோவிட்ஸ்கி செய்ததை யாரும் சொல்வதில்லை. உச்சச் சம்பளம் தர வேறு அணிகள் காத்திருந்தும் மூன்று ஆண்டுக்குச் சுமார் 25 மில்லியனுக்கு ஒப்புக்கொண்டார். முந்தைய பருவத்தில் மட்டும் அவர் வாங்கியது 22 மில்லியனுக்கு மேல். மிச்சமான இடத்தில் டாலஸ் சாண்ட்லர் பார்சன்ஸைக் கொண்டுவந்தது, அவருக்கு முழங்காலில் காயம். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நோவிட்ஸ்கி பிளேஆஃப் சுற்றுக்குப் போனது இரண்டே தடவை, இரண்டிலும் முதல் எதிரணியிடமே தோற்று வெளியேறினார். அவர் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். வாங்கினவர்கள் சரியாக வாங்கவில்லை. சம்பளத்தை விட்டுக்கொடுக்கிறவர் கையில் ஏலமும் இல்லை, மருத்துவ அறிக்கையும் இல்லை.

ஐரோப்பியக் காற்பந்துக்கு வந்தால் இந்தத் தியாகப் பேச்சுக்கு இன்னும் பிடிமானம் குறைவு. அமெரிக்க மாதிரி எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு அங்கே கிடையாது. 2021-இல் மெஸ்ஸி பாதிச் சம்பளத்துக்கே இருக்கத் தயார் என்றார், அப்படியும் ஸ்பானிய லீக்கின் செலவு விதிக்குள் பார்சிலோனாவால் அவரைப் பதிவு செய்ய முடியவில்லை. பல ஆண்டுகளாகக் கழகம் செய்த செலவை ஒரு வீரரின் பாதிச் சம்பளத்தால் சரிக்கட்ட முடியுமா? ஹாரி கேன் இன்னொரு திசை. கோப்பைக்காகவே 2023-இல் டோட்டன்ஹாமை விட்டு பயர்ன் மியூனிக்குக்குப் போனார் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். போன முதல் பருவத்தில், பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு கோப்பையாவது வாங்கிக்கொண்டிருந்த பயர்ன் வெறுங்கையோடு நின்றது. 2025-இல் அவருக்கு ஜெர்மன் லீக் பட்டம் கிடைத்தது. அதே மாதம் அவர் விட்டுவந்த டோட்டன்ஹாம் யூரோப்பா லீக் கோப்பையை ஜெயித்தது. இதையெல்லாம் எந்த ஜோசியரும் சொல்லியிருக்க முடியாது.

நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரில் இந்தக் கேள்வியின் அளவே வேறு. ஜோசஃப் ஸ்கூலிங் 2016-இல் ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலில் 50.39 வினாடியில் தங்கம் வாங்கியபோது 1 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பரிசு என்று ஊரே வாயைப் பிளந்தது. அதில் 20 சதவீதம் நீச்சல் சங்கத்துக்குப் போனது. அவரை அமெரிக்காவில் படிக்கவைத்துப் பயிற்சி கொடுக்கப் பெற்றோர் செலவழித்ததே அந்த மில்லியனைத் தாண்டும் என்று அப்போது செய்திகளில் வந்தது. அதாவது உலகத்திலேயே முதலாவதாக வந்தும் பரிசுத் தொகை செலவுக்கே எட்டவில்லை. அந்தப் பரிசுத் திட்டமும் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு மாதிரியான பெரும்போட்டிகளுக்குத்தான். 2021-இல் லோ கியன் இயூ பூப்பந்தில் உலக வெற்றியாளர் ஆனபோது அதில் அவருக்கு இடமில்லை. இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு ஒரு வீரரிடம் "காசைப் பார்க்காதே, பெருமையைப் பார்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

காற்பந்தில் நிலைமை இன்னும் இறுக்கம். பையன்கள் 18 வயதை ஒட்டி இரண்டு ஆண்டு தேசியச் சேவைக்குப் போய்விட்டு வரவேண்டும். வந்த பிறகு கிடைப்பது பெரும்பாலும் ஓராண்டு, இரண்டாண்டு ஒப்பந்தங்கள். என் அக்கா மகன் உள்ளூர் லீக்கில் ஆடுகிறான். நட்சத்திரம் எல்லாம் இல்லை, ஓரத்தில் ஓடுகிற தற்காப்பு ஆட்டக்காரன். சில வருஷம் முன்பு அவனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அழைப்பு வந்தது. ஒன்று, பட்டியலில் மேலே இருக்கிற குழு: ஓராண்டு, சம்பளம் குறைவு, இடம் பெஞ்சில். இன்னொன்று கீழே கிடக்கிற குழு: இரண்டாண்டு, மாதம் 700 வெள்ளி கூடுதல்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று இரண்டு ஒப்பந்தத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சம்பளத் தொகையை நான் கடைசியாகத்தான் பார்த்தேன். முதலில் தேடியது, காயம்பட்டால் எத்தனை மாதம் சம்பளம் வரும் என்ற பத்தியை. பிறகு, யார் எத்தனை நாள் முன்னறிவிப்பில் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்பதை. அதற்கப்புறம் மத்திய சேம நிதிச் சந்தா அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமா, ஆட்டத்துக்கு ஆட்டம் தரும் ஊக்கத்தொகைக்கும் சேர்த்தா என்பதை. மேலே இருக்கிற குழுவின் தாளில் காயத்தைப் பற்றி ஒன்றரை வரி, அதிலும் "நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டு" என்று ஒரு வால்.

"அந்த டீம் கப்பு ஜெயிக்கும் மாமா" என்றான்.

"ஜெயிக்கட்டும்டா. நீ அப்போ எங்க உட்கார்ந்திருப்ப?"

இரண்டாண்டு ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போட்டான். அந்தக் குழு நிறைய தோற்றது, அக்கா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னைத் திட்டினாள். ஆனால் அவன் முழு 90 நிமிடமும் ஆடினான், பொங்கோலில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு முன்பணம் கட்டினான்.

இதற்கும் நட்சத்திரங்களுக்கும் என்ன சம்பந்தம், அவர்களிடம்தான் ஏழு தலைமுறைக்குப் பணம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. சம்பளப் பேச்சுவார்த்தையில் மேலே இருக்கிறவர் வாங்குவதுதான் எல்லாருக்கும் அளவுகோல். முதல் ஆட்டக்காரர் குறைத்துக்கொண்டால் அடுத்த வாரம் நிர்வாகி மற்றவரிடம் என்ன சொல்வார் தெரியுமா? "அவரே இவ்வளவுதான் வாங்குகிறார், உனக்கென்னப்பா அவசரம்?" இந்த வசனத்தை விளையாட்டுக்கு வெளியேயும் நான் நிறைய கேட்டிருக்கிறேன். பெரிய வீரர் தன் விலையை முழுசாகக் கேட்டு வாங்கும்போது அவருக்குக் கீழே இருக்கிற பத்துப் பேருக்கும் அது துணையாக நிற்கிறது.

கூடைப்பந்தில் ஜேலன் பிரன்சன் மாதிரி புத்திசாலித்தனமாகச் செய்தால் அது தனி. 2025 வரை காத்திருந்தால் நியூயார்க் நிக்ஸ் அவருக்கு ஐந்து ஆண்டுக்கு 269 மில்லியன் தர முடியும் என்ற நிலையில், 2024-இலேயே நான்கு ஆண்டுக்கு 156.5 மில்லியனுக்கு ஒப்புக்கொண்டார். 113 மில்லியன் தியாகம் என்று எல்லாரும் எழுதினார்கள். ஆனால் அந்த ஒரு வருஷக் காத்திருப்பில் கால் உடைந்தால் என்ன ஆகும் என்ற பயம் போனது. ஒப்பந்தம் குறுகியது என்பதால் 2028-இலேயே வெளியே வந்து அதைவிடப் பெரிய ஒப்பந்தம் கேட்கவும் வழி இருக்கிறது. நிக்ஸ் 2025-இல், 25 ஆண்டுக்குப் பிறகு முதல் தடவையாகக் கிழக்குப் பிரிவு இறுதிக்குப் போனது. இதைத் தியாகம் என்பதைவிட நல்ல வியாபாரம் என்பேன். குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

விதிவிலக்கு என்றேனே, அது இது: வயது 35-ஐத் தாண்டிவிட்டது, சம்பாதிக்க வேண்டியதைச் சம்பாதித்தாகிவிட்டது, உச்சவரம்பு உள்ள லீக், விட்டுக்கொடுக்கிற பணத்தில் யாரை வாங்கப் போகிறோம் என்று நிர்வாகம் பெயரைச் சொல்லிக் கையெழுத்துக்கு முன்பே காட்டுகிறது. இந்த நாலும் சேர்ந்தால் தாராளமாகக் கோப்பையைத் தேடிப் போகலாம். கூடைப்பந்து வீரர் கார்ல் மலோன் 2003-இல் அப்படித்தான் போனார். யூட்டாவில் 18 பருவங்கள் ஆடி, ஆண்டுக்கு 19 மில்லியன் வரை வாங்கியவர், 40 வயதை எட்டும் நேரத்தில் வெறும் 1.5 மில்லியனுக்கு லேக்கர்ஸ் அணியில் சேர்ந்தார். கூடவே கேரி பேட்டனும். ஷக்கீல் ஓ'நீல், கோபி பிரையன்ட் ஏற்கெனவே அங்கே. இதைவிடப் பத்திரமான பந்தயம் இருக்க முடியாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இறுதிச் சுற்றில் டெட்ராய்ட்டிடம் 4-1 என்று தோற்றார்கள், மலோனுக்கு முழங்காலில் காயம். பேட்டனுக்கு 2006-இல் மயாமியில் ஒரு கோப்பை கிடைத்தது. மலோனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் போனதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இழக்க அவரிடம் அந்த ஓராண்டுச் சம்பளம் மட்டும்தான் இருந்தது, அதை அவர் தெரிந்தேதான் வைத்து ஆடினார்.