கண்ணுக்குக் கீழே செம்பழுப்புக் கறை: செல்ல நாய் வளர்ப்போர் கேள்வி – பதில்

எங்கள் வெள்ளை ஸ்பிட்ஸுக்கு இரண்டு வயது. கண்ணின் உள்முனையிலிருந்து மூக்கு வரைக்கும் இரண்டு பக்கமும் துருப்பிடித்த மாதிரி கோடு விழுந்திருக்கிறது. ரத்தம் கசிகிறதோ என்று பயமாக இருக்கிறது. ஷாம்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
– வாசகி, ஈரோடு

ரத்தம் இல்லை, பயப்படாதீர்கள். பழைய ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது போர்ஃபிரின் என்ற நிறமி உண்டாகிறது. நாய்களின் உடம்பிலிருந்து இது கண்ணீர், எச்சில், சிறுநீர் வழியாகவும் வெளியேறும். முடியில் படிந்து வெளிச்சம் பட்டால் செம்பழுப்பாகும். ஓயாமல் பாதத்தை நக்கும் வெள்ளை நாய்க்கு விரலிடுக்கு சிவப்பதும் இதனால்தான். கறுப்பு நாய்க்கும் இதே கதைதான், கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

நிறம் முடிக்குள்ளேயே ஏறிவிடுவதால் ஷாம்புக்கு அசையாது. கறை பட்ட முடி வளர்ந்து, கத்தரிக்கப்பட்டு, புதுமுடி வெள்ளையாக வந்தால்தான் தீர்வு. அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஆகவே கறையை எப்படி எடுப்பது என்பதை விட, கண்ணீர் ஏன் முகத்தில் வழிகிறது என்பதையே முதலில் கேளுங்கள். இயல்பாக அது கண்ணின் உள்முனையில், மேலிமையிலும் கீழிமையிலும் உள்ள இரண்டு நுண்துளைகள் வழியாக மூக்குக்குள் இறங்கிவிட வேண்டும். வெளியே வழிகிறது என்றால் ஒன்று, கண் எதனாலோ உறுத்தப்பட்டு அதிகமாகச் சுரக்கிறது. இல்லையேல் வடிகால் சரியில்லை.

பகல் வெளிச்சத்தில் ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கீழிமையைப் பெருவிரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். மூக்கு மேட்டு முடி கண்ணைத் தொடுகிறதா? இமை உள்பக்கமாக மடிந்திருக்கிறதா? உள்முனையில் இருக்கும் சின்னச் சதைமேட்டில் முளைத்த முடி நனைந்து, திரி மாதிரி கண்ணீரை வெளியே இழுக்கிறதா? சிறு இனங்களில் இந்த மூன்றும் அடிக்கடி பார்ப்பவை. இரண்டு கண்ணும் ஒரே அளவில், நெடுநாளாக வழிகிறது, நாய் கண்ணைச் சுருக்கவில்லை என்றால் அவசரமில்லை. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் காட்டினால் போதும்.

ஷி ட்சுவுக்குத் தினமும் எப்படித் துடைப்பது? கடையில் விற்கும் பேபி வைப்ஸ் பயன்படுத்தலாமா?
– வாசகர், மதுரை

வாசனை கலந்த வைப்ஸ் வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும், எரிந்தால் இன்னும் நீர் வடியும். கொதிக்கவைத்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரே நல்லது. மெடிக்கலில் கிடைக்கும் 0.9 சதவீத சலைனும் சரிதான். திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே கொட்டிவிடுங்கள்.

பிரித்துப் போட்ட பஞ்சு இழை விடும், அந்த இழை கண்ணுக்குள் போகும். வட்டமாக வெட்டிய காட்டன் பேட் வாங்கிக்கொள்ளுங்கள். நனைத்துப் பிழிந்து, பொருக்கு கட்டிய இடத்தில் ஓரிரு நிமிடம் அழுத்தாமல் வையுங்கள். ஊறின பிறகு, முடியின் அடியை இரு விரலால் பிடித்துக்கொண்டு, பல் நெருங்கிய உலோகச் சீப்பால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். காய்ந்த பொருக்கைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும், அதற்கப்புறம் நாய் முகத்தைத் தொடவே விடாது. அடுத்து வேறொரு பேடால், உள்முனையில் தொடங்கி முடி போகும் திசையிலேயே கீழ்நோக்கித் துடையுங்கள். ஒரு கண்ணுக்குப் பயன்படுத்தியதை மற்றக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது.

கடைசி வேலையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்: உலர்த்துவது. டிஷ்யூவால் ஒற்றி ஈரத்தை முழுக்க எடுங்கள். ஈரம் நின்றால் அங்கே ஈஸ்ட் கிருமி பெருகும். தோல் சிவந்து, கை வைத்தால் பிசுபிசுத்து, புளித்த வாடை அடிக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் வீட்டுச் சுத்தம் போதாது, மருத்துவர் தோலிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்து மருந்து தரவேண்டும். தொடக்கத்தில் காலை, இரவு இரண்டு வேளையும், கறை மட்டுப்பட்ட பிறகு ஒரு வேளையும் செய்தால் போதும்.

முடி வெட்டுவதில் ஒரு எச்சரிக்கை. மூக்கு மேட்டு முடியைப் பாதி அளவில் வெட்டினால் மிஞ்சும் கட்டை முடி விறைத்து நின்று நேரே கருவிழியைக் குத்தும். வெட்டுவதற்கு முன்னிருந்ததை விட அதிகமாக நீர் வடியும். ஒன்று, நீளமாக வளரவிட்டு உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள், அல்லது ஒட்ட வெட்டிவிடுங்கள். நுனி மழுங்கிய கத்தரிக்கோலைக் கண்ணுக்கு இணையாக, நுனி கண்ணை விட்டு விலகி இருக்கும்படி பிடித்து, கண்ணுக்கும் கத்தரிக்கும் நடுவே சீப்பை வைத்து வெட்டுங்கள். நாய் திமிறினால் விட்டுவிட்டு குரூமரிடம் கொடுங்கள்.

ஆன்லைனில் விற்கும் கறை நீக்கும் பவுடரைச் சாப்பாட்டில் கலந்தால் ஒரே மாதத்தில் வெளுக்கிறதாமே? ஹைட்ரஜன் பெராக்சைடு தடவலாம் என்றும் சொல்கிறார்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

அந்தப் பவுடர்களில் சிலவற்றில் டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கிறது. கறை குறையத்தான் செய்யும். ஆனால் காரணம் அப்படியே இருப்பதால், நிறுத்தினால் திரும்ப வரும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014இல், அனுமதியில்லாமல் டைலோசின் கலந்து கறை நீக்கி விற்ற நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அழகுக்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பது கிருமிகளுக்கு எதிர்ப்புச் சக்தி ஏற்றிவிடும் வேலை. நாளைக்கு உண்மையான நோய்த்தொற்று வரும்போது மருந்து பலிக்காமல் போகலாம். லேபிளில் உட்பொருள் எழுதாத எந்தப் பவுடரையும் வாங்காதீர்கள்.

பெராக்சைடு ஒரு துளி தெறித்தாலும் கருவிழி புண்ணாகும். போரிக் ஆசிட் பவுடர் பூசினால் நாய் நக்கி விழுங்கும், அது விஷம். விளக்கெண்ணெய், தேன், பன்னீர், மஞ்சள் எதையும் கண்ணில் விடவேண்டாம். முக்கியமாக மஞ்சள், இருக்கிற கறையோடு இன்னொரு கறையும் சேரும்.

மால்டீஸ் குட்டிக்கு ஐந்து மாதம். திடீரென்று கண்ணீர் அதிகமாகிவிட்டது.
– வாசகி, திருச்சி

பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் பருவம் இது. ஏழு மாதம் வரை துடைத்து உலர்த்திக்கொண்டு வாருங்கள், பல பேருக்குத் தானாகக் குறைந்துவிடும். அதற்குப் பிறகும் வழிந்தால், அல்லது பிறந்ததிலிருந்தே வழிந்துகொண்டிருந்தால், கண்ணீர்த் துளை திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில குட்டிகளுக்கு மெல்லிய சவ்வு மூடியிருக்கும்.

போர்வெல் தண்ணீரை நிறுத்திவிட்டு ஆர்.ஓ. தண்ணீர் கொடுத்தால் சரியாகுமா? சாப்பாட்டை மாற்ற வேண்டுமா?
– வாசகர், சேலம்

போர்ஃபிரின் உடம்பு தானே உண்டாக்குவது. தண்ணீரின் இரும்பு அப்படியே கண்ணீரில் வந்து இறங்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. கொடுத்தால் தவறில்லை, நம்பிக் காத்திருக்காதீர்கள். சாப்பாடு வேறு விஷயம். கண்ணீரோடு பாதம் நக்குவது, காது அடிக்கடி சீழ் பிடிப்பது, உடம்பு சொறிவது எல்லாம் சேர்ந்திருந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். மருத்துவரைக் கேட்டு, இதுவரை தின்னாத ஒரே வகை இறைச்சியை வைத்து எட்டு வாரம் சோதனை உணவு கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட் போட்டாலும் சோதனை கெட்டது. வீட்டில் தாத்தா பாட்டியிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

பக்குக்கு ஒரு கண்ணில் மட்டும் நேற்றிலிருந்து நீர். கண்ணைத் திறக்க மறுக்கிறது. வீட்டில் பழைய சொட்டு மருந்து இருக்கிறது, விடலாமா?
– வாசகி, சென்னை

விடாதீர்கள். இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஒரு கண் மட்டும், திடீரென்று, அதுவும் சுருக்கிக்கொண்டு வழிகிறது என்றால் கருவிழியில் கீறலோ புண்ணோ இருக்கலாம். கண் துருத்திய பக், ஷி ட்சு இனங்களில் இது சுலபமாக வரும், வேகமாக ஆழமாகும். மெடிக்கல் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. புண் இருக்கும் கண்ணில் அதை விட்டால் ஆறுவது நின்று, கருவிழி துளைபட்டே போகலாம். கால் வைத்துத் தேய்க்காமல் இருக்கக் கழுத்தில் கூம்புக் காலர் மாட்டி அழைத்துப் போங்கள். கண் நீலம் பூத்தாலும், மஞ்சளோ பச்சையோ பீளை கட்டினாலும் இதே அவசரம்தான்.

கண்ணீர்க் குழாய் அடைத்திருக்கலாம், கழுவ வேண்டும் என்கிறார் மருத்துவர். என்ன செய்வார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

அதற்கு முன் இரண்டு எளிய சோதனை. கீழிமையில் சின்னக் காகிதப் பட்டையை ஒரு நிமிடம் செருகி வைப்பார்கள். 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் நனைந்தால் சுரப்பு இயல்பு. 10க்கும் குறைந்தால் கண் உலர்கிற நோயைத் தேடுவார்கள். அதில் கொழகொழவென்று பீளை வரும், வீட்டில் அதையும் கண்ணீர் என்றே நினைத்திருப்போம். அடுத்து ஃப்ளோரசின் என்ற சாயம் விடுவார்கள். கருவிழியில் புண் இருந்தால் பச்சையாகத் தெரியும், குழாய் திறந்திருந்தால் சில நிமிடத்தில் மூக்குத் துளையில் பச்சை எட்டிப் பார்க்கும். மூக்கு சப்பையான நாய்க்குச் சாயம் தொண்டைப் பக்கம் இறங்கிவிடலாம். எனவே மூக்கில் வரவில்லை என்பதை மட்டும் வைத்து அடைப்பு என்று முடிவு கட்டமாட்டார்கள், வாயையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கழுவுவது பெரும்பாலும் மயக்கம் கொடுத்துத்தான். துளைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி சலைன் பீய்ச்சுவார்கள். முந்தைய நாள் எந்த மணிக்குச் சாப்பாட்டை நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரும்ப அடைக்கும் நாய்களும் உண்டு. அப்படியானாலோ, இமை மடிப்புக்கு அறுவை தேவை என்றாலோ, உங்களுக்குப் பக்கத்தில் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற மாவட்டத்தார் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு கல்லூரிகளைக் கேட்டுப் பார்க்கலாம். போகும் நாளில் காலையில் கண்ணைத் துடைக்காமல் கூட்டிப் போங்கள். எவ்வளவு வழிகிறது, எந்த நிறம் என்று மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும்.